ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மக்கர் செய்கிறதா? கையெழுத்துப் போடுவதற்கு முன் படியுங்கள்

சென்னை கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போதுதான் முதலில் தெரிந்தது. ஆக்சிலரேட்டரை மிதிக்கிறேன், ஆர்.பி.எம். முள் மூவாயிரத்தைத் தாண்டிப் போகிறது, வண்டி மட்டும் கூடவே வரமாட்டேன் என்கிறது. ஒரு நொடி கழித்துப் பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி ஒரு குலுக்கல். அதன்பின் ஒன்றும் நடக்காதது போல ஓடியது. பதினோரு வருட வண்டி, 92,000 கிலோமீட்டர். வயதாகிவிட்டது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு மூன்று வாரம் ஓட்டினேன். அந்த மூன்று வாரம் எனக்கு எவ்வளவு செலவு வைத்தது என்று பிறகு ஒருவர் விளக்கினார்.

அடுத்த ஒன்றரை மாதத்தில் என் கையில் மூன்று மதிப்பீட்டுச் சீட்டுகள் இருந்தன. ஒன்று 2,94,000 ரூபாய். ஒன்று 1,05,000. இன்னொன்று 68,000. ஒரே வண்டி, ஒரே கோளாறு. இதில் எதை நம்புவது என்று சொல்லித்தர யாரும் இல்லாமல் அலைந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

1. ஓட்டுவதை நிறுத்துங்கள், இழுப்பதில் ஏமாறாதீர்கள்

கியர் வழுக்குகிறது என்றால் உள்ளே கிளட்ச் தகடுகள் உராய்ந்து எரிந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். அந்தத் தூள் எண்ணெயோடு கலந்து, கியர் மாற எண்ணெயைத் திருப்பிவிடும் வால்வு பாடி முழுவதும் சுற்றும். இரண்டு தகட்டோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, கியர் பெட்டி முழுக்கப் பரவுவது இப்படித்தான்.

பணிமனைக்குக் கொண்டுபோகத் தட்டு வண்டியைக் கேளுங்கள், அதாவது காரை முழுவதுமாகத் தூக்கி மேலே வைத்துப் போகும் மீட்பு வண்டி. கயிறு கட்டி இழுப்பதோ, இயங்கும் சக்கரங்கள் தரையில் உருள இழுப்பதோ கூடாது. இன்ஜின் ஓடாதபோது பெட்டிக்குள் எண்ணெய் பம்ப்பும் ஓடாது, உலர்ந்த நிலையில் பாகங்கள் சுழன்று தேயும். உங்கள் காப்பீட்டில் சாலையோர உதவி சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எனக்குச் சேர்ந்திருந்தது, அது தெரியாமல் 3,500 ரூபாய் கொடுத்தேன்.

2. உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை?

'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே பெயரில் நான்கு வெவ்வேறு இயந்திரங்கள் விற்கப்படுகின்றன. முடிவு பெரும்பாலும் இதைப் பொறுத்ததுதான். கையேட்டில் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரரின் அனுபவத்தை நம்பாதீர்கள்.

ஏ.எம்.டி.: 2014-இல் மாருதி செலெரியோவுடன் இந்தியாவில் பரவத் தொடங்கியது. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ். கிளட்ச்சையும் கியரையும் உங்களுக்குப் பதிலாக ஆக்சுவேட்டர் என்ற இயக்கும் கருவி இயக்குகிறது, அவ்வளவுதான். இதில் "கியர்பாக்ஸ் போய்விட்டது" என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் கிளட்ச் தேய்ந்திருக்கும், அல்லது ஆக்சுவேட்டர் கெட்டிருக்கும், அல்லது அளவீட்டைக் கணினியில் மறுபடி பதிய வேண்டியிருக்கும். பெட்டியையே மாற்றும் பேச்சு இங்கே அநேகமாகத் தேவையில்லை.

டார்க் கன்வெர்ட்டர்: பழைய, தடித்தோல் வகை. இன்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகத்தின் பெயர்தான் இந்த வகைக்கும். என் வண்டி இதுதான். பிரித்து, தகடுகளையும் சீல்களையும் மாற்றி மறுபடி கட்டலாம். நன்றாகக் கட்டத் தெரிந்தவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். சரிசெய்வதற்கு மிகவும் இடம் கொடுக்கும் வகை இது.

சி.வி.டி.: கியர்களே கிடையாது, இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓர் உலோகப் பட்டை ஓடுகிறது. வால்வு பாடிக் கோளாறு என்றால் சரிசெய்யலாம். பட்டை வழுக்கிக் கப்பியில் கோடு விழுந்துவிட்டதென்றால் இரண்டையும் மாற்ற வேண்டும். அப்போது வேறு பெட்டி போடுவதும் ஏறக்குறைய அதே செலவில் முடிந்துவிடும்.

டி.சி.டி.: இரட்டைக் கிளட்ச். அதில் உலர் கிளட்ச் வகை, சென்னை ஓ.எம்.ஆர். சாலை போன்ற ஊர்ந்து நகரும் நெரிசலில் சீக்கிரம் சூடேறும். கிளட்ச் தொகுப்பு, மெகட்ரானிக்ஸ் எனப்படும் கட்டுப்பாட்டுத் தொகுதி இரண்டையும் தனித்தனியாக மாற்றலாம். எது கெட்டது என்று தெரியாமல் இரண்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டாதீர்கள்.

3. பிழை கியர்பாக்ஸில்தானா?

சிரிக்க வேண்டாம், எத்தனையோ பேர் இங்கேதான் விழுகிறார்கள். இன்ஜின் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தால் 'டி'யில் போடும்போது டமார் என்று அடிக்கும், கியர்பாக்ஸ் அடிப்பது போலவே. பேட்டரி பலவீனமாக இருந்தால் ஏ.எம்.டி., டி.சி.டி. வண்டிகளில் கியர் விழாது, எச்சரிக்கை விளக்கும் எரியும். எண்ணெய் அளவு குறைந்தாலே வழுக்கும். இந்த மூன்றையும் பார்க்க ஆயிரம் இரண்டாயிரத்துக்கு மேல் ஆகாது. முதலில் இவற்றை முடித்துவிடுங்கள்.

அடுத்து ஸ்கேன். கணினியில் மாட்டிப் பிழைக் குறியீடுகளைப் படிப்பார்கள். 'பி 0700' என்று வந்தால் அதற்கு "கியர்பாக்ஸ் கணினியிடம் ஏதோ புகார் இருக்கிறது" என்பதற்கு மேல் பொருள் இல்லை. அதை மட்டும் காட்டிப் பெட்டியை மாற்றச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அதனுடன் வரும் குறியீடுதான் விஷயம்: 'பி 0730' என்றால் கியர் விகிதம் தவறுகிறது, 'பி 0741' என்றால் டார்க் கன்வெர்ட்டர் கிளட்ச் பிடிக்கவில்லை. ஸ்கேன் அறிக்கையை அச்சடித்தோ படம் எடுத்தோ வாங்குங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றினால் சில வண்டிகளில் பதிவு அழிந்துவிடும், ஆகவே ஸ்கேனுக்கு முன் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். தெருமுனையில் வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் "ஆயில் மாற்றினால் சரியாகிவிடும் சார்" என்றார். மாற்றினோம், 4,800 ரூபாய். அவர் ஊற்றியது "எல்லா வண்டிக்கும் ஆகும்" என்று டப்பாவில் எழுதியிருந்த எண்ணெய். கையேட்டில் என் பெட்டிக்குக் குறிப்பிட்டிருந்தது வேறு தரம். எரிந்த கிளட்ச் தகட்டை எந்த எண்ணெயும் குணப்படுத்தாது, தவறான எண்ணெய் கேட்கவே வேண்டாம்.

4. எண்ணெயைக் கண்ணால் பாருங்கள்

முடிவெடுக்க எனக்கு மிகவும் உதவியது இந்த ஒரு சோதனைதான். கீழே உள்ள எண்ணெய்த் தட்டைக் கழற்றும்போது கூடவே நில்லுங்கள். இப்போதைய வண்டிகள் பலவற்றில் அளவுக் குச்சி கிடையாது, அதனால் தட்டைக் கழற்றினால்தான் தெரியும்.

வெள்ளை டிஷ்யூ தாளில் ஒரு சொட்டு விடுங்கள். டார்க் கன்வெர்ட்டர் பெட்டியின் நல்ல எண்ணெய் பெரும்பாலும் மாதுளைச் சாறு போலச் சிவந்து தெளிவாக இருக்கும். சி.வி.டி. எண்ணெய் வேறு நிறத்தில் இருக்கலாம், அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. என்னுடையது கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது, முகர்ந்தால் தீய்ந்த வாடை. அதுவே பாதித் தீர்ப்பு.

ரோஸ் மில்க் நிறத்தில் நுரைத்திருந்தால் நிலைமை வேறு. ரேடியேட்டர் தண்ணீரோ வெள்ள நீரோ உள்ளே போயிருக்கிறது. கிளட்ச் தகட்டின் மேலுறை தண்ணீரில் ஊறி உரிந்து வரும். எண்ணெயை மட்டும் மாற்றி ஓட்டுவது சில மாதத் தவணை வாங்குவதுதான்.

தட்டின் அடியில் காந்தங்கள் இருக்கும். அதில் குழைத்த விபூதி போலச் சாம்பல் நிறப் பசை படிந்திருந்தால் பயப்பட வேண்டாம், இவ்வளவு கிலோமீட்டருக்கு அது இயல்பு. விரலில் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று உறுத்தினாலோ, கண்ணுக்குத் தெரியும் உலோகச் சில்லுகள் இருந்தாலோ பேரிங்கோ பல்சக்கரமோ உடைந்திருக்கிறது. செலவு ஒரு படி மேலே போகும். என் காந்தத்தில் பசைதான் இருந்தது. ஆனால் தட்டு முழுக்கக் கறுப்புத் தூள்.

எனக்குப் பெட்டியைக் கட்டிக்கொடுத்தவர், அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் இருப்பவர், பெட்டியைத் தொடுவதற்கு முன் இரண்டே கேள்வி கேட்டார். "இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போதா எகிறுகிறது? ரிவர்ஸ் போட்டால் காலையில் தாமதமாகப் பிடிக்கிறதா?" இரண்டுக்கும் ஆமாம் என்றேன். "அப்படியானால் ஒரே கிளட்ச்தான் சார்" என்று ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். என் வகைப் பெட்டியில் மூன்றாவது, ஐந்தாவது, ரிவர்ஸ் மூன்றுக்கும் ஒரே தகட்டுத் தொகுதி. மற்ற கியர்கள் ஒழுங்காக இருக்க இந்த மூன்று மட்டும் தடுமாறினால் கோளாறு எங்கே என்று பிரிக்காமலே ஊகிக்கலாம். 2,94,000 ரூபாய்ச் சீட்டு எழுதிய இடத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

5. காகிதங்களை எடுத்து வையுங்கள்

நீட்டிக்கப்பட்ட வாரன்டி இருக்கிறதா? இருந்தால் வெளியே யாரும் பெட்டியைத் திறக்கக் கூடாது, திறந்தால் உரிமை போய்விடும். சர்வீஸ் ரசீதுகள் முழுவதையும் எடுத்து வையுங்கள், எண்ணெய் மாற்றியதற்கான ரசீதைத்தான் முதலில் கேட்பார்கள். "ஆயுள் முழுக்க ஒரே எண்ணெய் போதும்" என்று யாராவது சொல்லியிருந்தால் கையேட்டில் 'கடின பயன்பாடு' என்ற பகுதியைப் பாருங்கள். நெரிசலில் நின்று நின்று ஓடுவது, வெப்பம் மிகுந்த ஊர் என்றெல்லாம் பட்டியல் போட்டிருக்கும். படித்தால் சென்னை முகவரியை எழுதியது போலவே இருக்கும்.

வாகனக் காப்பீடு தேய்மானத்துக்கும் இயந்திரக் கோளாறுக்கும் பணம் தராது. அந்தக் கதவைத் தட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். விதிவிலக்கு இரண்டு. வெள்ளைக் கோடு பூசாத வேகத்தடையில் அடிபட்டு எண்ணெய்த் தட்டு உடைந்தால் அது விபத்து. உடனே நிறுத்தி, படம் எடுத்து, வண்டியை நகர்த்துவதற்கு முன் நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். எண்ணெய் ஒழுக ஒழுக ஓட்டியதால் வந்த சேதத்தைத் தள்ளிவிடுவார்கள். இன்னொன்று வெள்ளம். இன்ஜின் பாதுகாப்புக் கூடுதல் பாலிசிகள் சிலவற்றில் கியர்பாக்ஸும் அடங்கும், உங்களுடையதில் அந்தச் சொல் இருக்கிறதா என்று வாசகத்தைப் படியுங்கள்.

கியர்பாக்ஸ் மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் திருத்தம் வேண்டுமா என்று பலர் பயப்படுகிறார்கள். ஆர்.சி.யில் இருப்பவை இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும்தான். அதே வகைப் பெட்டியை மாற்றுவதற்கு ஆர்.டி.ஓ. அலுவலகம் போக வேண்டியதில்லை.

6. மூன்று விதமான விலை வாங்குங்கள்

நிறுவன சர்வீஸ் மையம்: எனக்குச் சொன்னது புதுப் பெட்டி, 2,94,000. "உள்பாகங்களை நாங்கள் தனியாகப் பார்ப்பதில்லை" என்றார்கள். அவர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது, பிரித்துக் கட்டும் ஆள் எல்லா மையத்திலும் இருப்பதில்லை. ஆனால் வால்வு பாடியை மட்டும் மாற்றலாமா, சாலினாய்டு எனப்படும் மின் வால்வு மட்டும் கிடைக்குமா என்று நீங்களாகக் கேட்டால் சில சமயம் பதில் மாறும்.

தனிச் சிறப்புப் பணிமனை: பிரித்துக் கட்ட 1,05,000. தகடுகள், சீல் தொகுப்பு, வடிகட்டி, எண்ணெய், டார்க் கன்வெர்ட்டரை அறுத்துப் புதுப்பிப்பது எல்லாம் சேர்த்து.

பழைய பெட்டி: 68,000, மாட்டும் கூலியோடு.

இங்கே ஒரு பொறி. 1,05,000 என்றது வரி நீங்கலாக. 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்து 1,23,900 ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கும் கூலியைப் போலவே 18 விழுக்காடுதான். "வரியோடு கடைசித் தொகை என்ன?" என்று எழுதி வாங்குங்கள். "பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்பார்கள். பில் இல்லாத உத்தரவாதம் தண்ணீரில் எழுதிய எழுத்து.

7. கணக்கைச் சரியாகப் போடுங்கள்

"வண்டி விலையில் பாதிக்கு மேல் போனால் விற்றுவிடு" என்று எல்லோரும் சொல்வார்கள். அது அரைகுறைக் கணக்கு. நீங்கள் கேட்க வேண்டிய விலைகள் இரண்டு: நன்றாக ஓடும் நிலையில் வண்டி எவ்வளவுக்குப் போகும், இப்போது இருக்கிறபடியே விற்றால் எவ்வளவு. எனக்கு முதலாவது 3,60,000. இரண்டாவது, இரண்டு தரகர்களிடம் கேட்டதில் அதிகபட்சம் 1,90,000. வித்தியாசம் 1,70,000. பழுதுச் செலவு அதற்குள் அடங்கினால் சரிசெய்யலாம், பிறகு விற்றாலும் நட்டமில்லை. 1,23,900 அடங்குகிறது. 2,94,000 அடங்கவில்லை. புதுப் பெட்டி அந்த நிமிடமே பட்டியலிலிருந்து போய்விட்டது.

அத்துடன் இன்னும் ஒரு வருடத்தில் வரப்போகும் செலவுகளையும் கூட்டுங்கள்: டயர், சஸ்பென்ஷன், ஏ.சி. கம்ப்ரசர். தனியார் காரின் பதிவு 15 வருடத்துக்குத்தான், அதன்பின் புதுப்பிக்க வேண்டும். பதினான்காவது வருடத்தில் இருக்கும் வண்டிக்கு ஒரு லட்சம் போடுவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

அதற்காகப் புது வண்டிக்குத் தாவுவது மலிவு என்று எண்ண வேண்டாம். தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரியே 18 விழுக்காடு. அந்த வரி மட்டுமே என் பழுதுச் செலவைத் தாண்டும். இருக்கிறபடியே விற்பதென்று முடிவு செய்தால் படிவம் 29, 30 இரண்டையும் நீங்களே நிரப்பி, உரிமை மாற்றத்தை 14 நாளுக்குள் தெரிவித்துவிடுங்கள். தரகரிடம் வெற்றுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தால் அபராதச் சீட்டுகள் உங்கள் பெயருக்கே வரும்.

8. புதுப்பேட்டைக்குப் போகிறீர்களா?

புதுப்பேட்டை என்றால் சென்னையில் பழைய கார் பாகங்கள் விற்கும் சந்தை. பழைய பெட்டி எல்லாமே மோசமில்லை. பின்பக்கம் மோதி நொறுங்கிய வண்டியின் கியர்பாக்ஸ் பிரமாதமாக இருக்கலாம். ஆபத்து வெள்ளத்தில் மூழ்கியவை. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்கள் கொஞ்சநஞ்சமில்லை. பெட்டியின் மேலே காற்றுப் போகும் சிறு குழாய் இருக்கும், அதன் வாயில் காய்ந்த சேறு இருக்கிறதா பாருங்கள். ஒயர் மாட்டும் கனெக்டரின் ஊசிகளில் பச்சை பூத்திருந்தால் வாங்காதீர்கள். அடித் திருகைத் திறந்து எண்ணெயை அதே டிஷ்யூ சோதனைக்கு உட்படுத்துங்கள். திறக்க மறுக்கும் கடையில் பேரம் பேசவே வேண்டாம்.

பெட்டி எண் உங்கள் மாடலுக்கும் ஆண்டுக்கும் பொருந்த வேண்டும். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தும் கணினி ஏற்காமல் போவதுண்டு. சி.வி.டி. வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி நல்ல வாய்ப்பு. என் மாதிரி வண்டிக்கு, ஒரு மாத உத்தரவாதத்தை நம்பி 68,000 கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

9. வேலை கொடுக்கும்போது எழுதி வாங்க வேண்டியவை

- ஜாப் கார்டில், அதாவது பணிமனை தரும் வேலைச் சீட்டில், கிலோமீட்டர், அறிகுறிகள், எரிபொருள் அளவு, வரியுடன் கடைசித் தொகை, முடிக்கும் தேதி.
- "பிரித்த பிறகு கூடுதல் பாகம் தேவைப்பட்டால் படம் அனுப்பி ஒப்புதல் பெற்றே மாற்றப்படும்" என்ற ஒரு வரி.
- கழற்றிய பழைய பாகங்கள் எல்லாம் உங்களுக்குத் திரும்ப வேண்டும். இதைச் சொன்னவுடனேயே வேலையின் தரம் ஒரு படி ஏறும்.
- உத்தரவாதம் எத்தனை மாதம், எத்தனை கிலோமீட்டர், கூலியும் சேர்ந்ததா.
- எண்ணெய்க் குளிர்விப்பானையும் அதன் குழாய்களையும் கழுவுவது அல்லது மாற்றுவது.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பழைய தகட்டின் தூள் குளிர்விப்பானில் தங்கியிருக்கும். புதிதாகக் கட்டிய பெட்டிக்குள் முதல் நாளே அது திரும்பி வரும். கழுவாமல் மாட்டி மூன்றே மாதத்தில் மறுபடி இறக்கிய வண்டி ஒன்று அதே பணிமனையில் நின்றுகொண்டிருந்தது, வேறு இடத்தில் கட்டியது.

முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தகராறு வந்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஜாப் கார்டு கையில் இல்லாவிட்டால் இவையெல்லாம் பேச்சோடு சரி.

10. நாட்களும், வண்டியை எடுக்கும் நாளும்

ஏழு நாள் என்றார்கள், பத்தொன்பது நாள் ஆனது. பிரிக்க இரண்டு நாள், கட்ட மூன்று நாள், மற்றதெல்லாம் சீல் தொகுப்புக்காகவும் டார்க் கன்வெர்ட்டருக்காகவும் காத்திருந்தது. பெருமழைக்குப் பிறகு பணிமனைகள் நிரம்பி வழியும், அக்டோபருக்கு முன்பே வேலையை முடிக்கப் பாருங்கள். மெட்ரோவுக்கும் ஆட்டோவுக்கும் எனக்கு ஏறக்குறைய 6,000 ரூபாய் போயிற்று, அதையும் கணக்கில் சேருங்கள்.

எடுக்கும் நாளில் காலையிலேயே போய் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். அவர்கள் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் தாமதம் தெரியாது. 'டி', 'ஆர்' இரண்டிலும் மாறி மாறிப் போட்டு நேரத்தைக் கவனியுங்கள். மேம்பாலம் ஒன்றில் ஏறுங்கள். அரைமணி நேரம் நெரிசலில் ஓட்டித் திரும்பி வந்து மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கணினியின் பழைய பழக்கப் பதிவுகளை அழித்தார்களா என்றும் கேளுங்கள். அழித்திருந்தால் முதல் சில நாட்கள் கியர் மாறுவது சற்று முரடாக இருக்கும், அதற்காகப் பதறித் திரும்ப ஓட வேண்டாம்.

முதல் ஆயிரம் கிலோமீட்டரில் எண்ணெய் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை இரவில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். எனக்கு ஒன்பதாம் நாள் அதில் இரண்டு சொட்டுச் சிவப்பு தெரிந்தது. ஆக்சில் சீல். ஜாப் கார்டில் உத்தரவாதம் எழுதியிருந்ததால் ஆளை அனுப்பி, வீட்டு வாசலிலேயே கட்டணமில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள்.